மருந்துக்குச் சாகாத புல்

எனக்குத் திருட்டுப் பட்டம் கட்டியவர் எஸ்டேட்டில் கணக்கெழுதி ஆட்களை வேலை வாங்கிய ரைட்டர். இன்றைக்கும் அந்த ஆளை நினைத்தால் வயிறு எரிகிறது.

மலைமேல் கொட்டச்சேட்டுப் பக்கம் ஓர் ஆரஞ்சுத் தோட்டத்தில் மருந்து பம்பு சுமந்துகொண்டிருந்தேன். எண்பதுகளின் கடைசி. அதற்கு முன்னால் அங்கே களை எடுத்தது பெண்கள். என் மனைவியும் அதில் ஒருத்தி. புல்லைக் கொல்லும் மருந்து வந்ததும் ரைட்டர் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஆறேழு வருஷம் ஒரே மருந்து, ஒரே அளவு. முதலில் அடித்த இடமெல்லாம் கருகியது. பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு வகைப் புல் தப்பியது. பார்க்க ராகிப் பயிர் மாதிரியே இருக்கும், பிடுங்கினால் லேசில் வராது.

“அதுக்குன்னு ஆள் வெக்க முடியாது, விடு” என்றார் ரைட்டர். விட்டோம். ஒரு வருஷம் மழை முடிந்து பார்த்தால், மரத்தடியெல்லாம் அதுவே நின்றது.

பழி என் தலையில் விழுந்தது. அளந்து வாங்கிப் போகும் மருந்தில் பாதியை மலைக்குக் கீழே குப்பனூரில் விற்றுவிட்டு, வெறும் தண்ணீரை அடிக்கிறேனாம்! காலையில் பேர் கூப்பிடும் நேரத்தில், அத்தனை பேர் முன்னால் நாக்கில் நரம்பில்லாமல் சொன்னார்.

“ஏனுங்க, ஒரு சொட்டு எடுத்திருந்தாலும் என் கை விளங்காம போகட்டுமுங்க” என்றேன்.

“வாயை மூடுறா, திருட்டுப் பயலே.”

அன்று எங்கள் சொந்த ராகிக் காட்டில் அறுப்பு. வறட்சியில் வாடாமல் நின்ற பயிரின் கதிரை மட்டும் விதைக்கு ஒதுக்குவது எங்கள் வழக்கம். ஒதுக்கிக்கொண்டிருந்த மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் சிரித்துவிட்டாள்.

“நீங்களும் இதேதானுங்க பண்ணியிருக்கீங்க. சாவறதெல்லாம் கொன்னுபோட்டு, சாவாததை விதைக்கு விட்டிருக்கீங்க. அதோட விதை எப்படிங்க சாவும்?”

அட, ஆமாம்! ஆறேழு வருஷமாக முதுகு வேக வேக நான் விதைப்பயிர் வளர்த்திருக்கிறேன்.

மறுநாள் முதலாளி ஜீப்பில் வந்தார். அவர் எதிரிலேயே ரைட்டரிடம் பம்பை நீட்டினேன். “உங்க கையாலயே கலந்து அடிங்க.” புது டப்பாவை உடைத்து ஒரு வரிசை முழுக்க ரைட்டரே அடித்தார். இரண்டு வாரம் கழித்து முதலாளி வந்து பார்த்தபோது மற்ற களையெல்லாம் கருகிக் கிடந்தது. அந்தப் புல் மட்டும் கதிர் விட்டு நின்றது.

“பழையபடி பொம்பளைங்களை வெச்சுப் பிடுங்குங்க” என்று சொல்லி அவர் ஜீப் ஏறிவிட்டார்.

“என்னைத் திருடன்னு சொன்னதுக்கு என்னங்க பதில்?” என்று ரைட்டரைக் கேட்டேன்.

“அதான் இல்லைன்னு ஆச்சே. போய் வேலையைப் பாரு.”

ஊர் கேட்கச் சொன்னதை யாருமில்லாத இடத்தில் முணுமுணுத்துத் துடைக்கப் பார்த்தார். பம்பை அவர் காலடியில் போட்டுவிட்டு வந்தேன்.

மறுவாரம் எங்கள் வாசலுக்கு அவரே வந்தார். என் மனைவி வந்தால்தான் களை பிடுங்க வருவோம் என்று மற்ற பெண்கள் சொல்லிவிட்டார்களாம். கெஞ்சினார். அவள் ராகி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைக்கவில்லை. அக்கம்பக்கத்தில் எட்டிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினாள்.

“திருடன் ஊட்டுப் பொம்பளை நானுங்க. என்னைய எஸ்டேட்டுக்குள்ள விடலாமுங்களா?”