ரெண்டு கம்ப்யூட்டருக்கு ஒரு டேப் ரிக்கார்டர்

1. கரண்ட் போனது

அம்மன் கோயில் கொடைத் திருவிழா அன்றைக்குப் பொழுது அடைகிற நேரம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் உடனே பிடித்துக்கொண்டது. தெருவில் டியூப் லைட் எல்லாம் திரும்ப எரிந்தது. நான் சீரியல் பல்பால் போட்டிருந்த சூலம் போர்டும், தெருவின் அடுத்த முனையில் பரமசிவம் போட்டிருந்த தாமரை போர்டும் மட்டும் இருட்டாக நின்றன.

சீரியல் செட் தொழிலுக்கு வருகிற தம்பிமார்களுக்காக இதை எழுதுகிறேன். இன்றைக்கு ஒரு சின்ன சிப் செய்கிற வேலையை, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை வைத்துச் செய்தோம். டிவியில் மாட்டுகிற கம்ப்யூட்டர். புரோகிராம் கேசட்டில் இருக்கும். டேப் ரிக்கார்டரில் போட்டால் 'கீ...' என்று கத்திக்கொண்டே மெதுவாக உள்ளே ஏறும். ஏறிவிட்டால் எந்த பல்பு எப்போது எரியணும் என்று அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் கண் சிமிட்டுகிற நேரம் கரண்ட் போனாலும் எல்லாம் மறந்துவிடும். மறுபடி முதலிலிருந்து கேசட் ஓடணும்.

கோவில்பட்டியில் எனக்குத் தெரிந்து இதைச் செய்தது ரெண்டே பேர். நான், அப்புறம் மில்லில் எலக்ட்ரீசியனாக இருந்த பரமசிவம். ரெண்டும் வேறு வேறு கம்பெனிப் பெட்டி. என் கேசட் அவருடைய பெட்டிக்கு ஆகாது, அவருடையது எனக்கு ஆகாது. என் பெட்டியில் ரப்பர் பட்டன்.

"அந்த அழிரப்பர் பொட்டிய வச்சுப் பென்சில் கோட்டத்தான் அழிக்கலாம்" என்று டீக்கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி பரமசிவம் சொல்வார்.

"உம்ம பொட்டி சூட்டுல தோசை ஊத்தலாம் வே" என்பேன் நான்.

விளையாட்டாக ஆரம்பித்தது, பேச்சுவார்த்தை இல்லாமல் போய் நின்றது.

2. பெல்ட் அறுந்தது

கேசட்டைப் போட்டு அமுக்கினேன். சுற்றவில்லை. மூடியைக் கழற்றினால் உள்ளே ரப்பர் பெல்ட் அறுந்து கிடக்கிறது. நம்ம ஊர் வெயிலுக்கு எத்தனை பெல்ட்தான் தாங்கும்? ஸ்பேர் கொண்டு போகவில்லை. பக்கத்து வீடுகளில் இருந்த பாட்டுக் கேட்கிற டேப்பில் நம் வயரைச் சொருக இடம் கிடையாது.

அதற்குள் கோயில் வாசலில் கொட்டுச் சத்தம். அம்மனைத் தூக்கிவரும் சப்பரம் கிளம்பிவிட்டது. கொடைக் கமிட்டித் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"என்ன வே இது? அம்மன் இருட்டுலயா வாரது? இப்படியே கிடந்துச்சுன்னா அடுத்த கொடைக்கு நீங்க ரெண்டு பேரும் இந்தத் தெருப்பக்கம் வராதீங்க."

வேலை போவது ஒருபக்கம். விரதம் இருந்து ஒவ்வொரு பல்பாகக் கட்டின போர்டு, அம்மன் வருகிற நேரத்தில் செத்துக் கிடக்கிறதே என்றுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மானம் பார்க்கிற நேரமில்லை. பரமசிவத்திடம் ஓடினேன். அவர் தன் ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டு, பட்டனில் விரலை வைத்திருந்தார்.

"பெல்ட் அறுந்துட்டு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். சப்பரம் வருகிற திசையைப் பார்த்தார்.

"அம்மன் முதல்ல எங்கன வாரா?"

"என் போர்டுக்கு."

தன் கேசட்டை உருவிச் சட்டைப்பையில் போட்டார். "அப்போ உம்மதுதான் முதல்ல. நடயும்."

அவர் ரிக்கார்டரில் என் கேசட் ஏற மறுத்தது. பாதியில் நின்றது. காரணம் எங்கள் இருவருக்குமே தெரியும். டேப்பைப் படிக்கிற ஹெட் பக்கத்தில் இருக்கிற சின்ன ஸ்க்ரூ இம்மி திரும்பியிருந்தாலும் சத்தம் மங்கிவிடும். அவர் அதைத் தன் கேசட்டுக்குத் தோதாக வைத்து, அசையாமல் இருக்க வீட்டம்மாவின் நெயில் பாலிஷால் ஒட்டியிருந்தார். அதைத் தொட எனக்குக் கை வரவில்லை. அவரே ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினார்.

"பெறவு உம்ம கேசட் ஏறாதே வே..."

"பேசாம சத்தத்தக் கவனியும்."

திருப்பத் திருப்பச் சத்தம் தெளிந்தது. புரோகிராம் ஏறியது. சப்பரம் தெருவுக்குள் திரும்பவும் சூலம் எரியவும் சரியாக இருந்தது. நான் கும்பிட்டு நிமிர்வதற்குள் பரமசிவம் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்.

3. தேங்காய்த் தட்டு

அந்தத் தெருவில் யார் தேங்காய்த் தட்டு நீட்டினாலும் சப்பரம் நிற்கணும். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, திருநீறு கொடுத்த பிறகுதான் நகரும். கொடை பார்க்க வந்திருந்த என் வீட்டுக்காரி செண்பகமும் தட்டோடு நின்றாள்.

"ஏட்டி, நம்ம தட்ட இப்போ நீட்டாத. முன்னால ஓடி ஒவ்வொரு வீட்டுலயும் தட்டு எடுக்கச் சொல்லு. மொத்தமா வேண்டாம். ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு."

"எதுக்கு?"

"பரமசிவம் கேசட் ஓடி முடிய நேரம் வேணும்."

"அவியளா! நேத்து வரைக்கும் அவிய பேரச் சொன்னாலே உங்களுக்குச் சோறு இறங்காதே!" சொல்லிக்கொண்டே சேலையைச் செருகிக்கொண்டு ஓடினாள்.

நான் பரமசிவத்திடம் போனபோது அவர் ஸ்க்ரூவை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டிருந்தார். பழைய இடம் பிடிபடவில்லை. ஸ்பீக்கரில் காதை வைத்தேன். "இன்னும் கொஞ்சம்... கொஞ்சம்... நிறுத்தும்!" புரோகிராம் ஏறுகிற அடையாளமாக டிவியில் கோடுகள் ஓட ஆரம்பித்தன. இனி எங்கள் கையில் ஒன்றுமில்லை.

தெருவில் பூசாரி சலித்துக்கொள்வது கேட்டது. "ஏம்மா, எல்லாரும் சேந்தாப்புல நீட்டினா என்ன?"

"இப்பத்தான் தேங்கா கிடைச்சுது சாமி" என்றது ஒரு குரல்.

சப்பரம் நாலடி வைக்கும், நிற்கும். மறுபடி நாலடி. தலைவர் எங்களை முறைத்தார். கடைசியில் செண்பகம்தான் நின்றாள். அவள் தட்டில் சூடம் எரிந்து அணைந்தது. சப்பரத்தைத் தூக்கினார்கள்.

பல்புகளுக்குக் கரண்ட் விடுகிற ரிலே 'டக்' என்றது. தாமரை ஒவ்வொரு இதழாக விரிந்தது.

பரமசிவம் தலைக்கு மேல் கையெடுத்துக் கும்பிட்டார். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உம்ம அழிரப்பர் பொட்டி சீக்கிரமாத்தான் ஏறுது வே" என்றார்.

"உம்ம தாமரை மாதிரி அதுக்கு விரிக்கத் தெரியாது" என்றேன். மெய்யாகத்தான் சொன்னேன்.

பிறகு சிப் வந்து ரெண்டு பெட்டிக்கும் வேலை இல்லாமல் போனது. இப்போது ரெண்டும் என் வீட்டு அலமாரியில் ஒன்றாக இருக்கின்றன. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டுப் பரமசிவம் வருவார். எது ஒசத்தி என்று இன்னும் சண்டை உண்டு, செண்பகம் காப்பி கொண்டு வருகிற வரைக்கும்.

தம்பிமார்களே, ஸ்பேர் பெல்ட் இல்லாமல் வேலைக்குப் போகாதீர்கள். நான் கற்றுக்கொண்டது அது மட்டுமல்ல. என் கேசட்டுக்கும் திருப்ப வேண்டி வரலாம் என்று, அந்தக் கொடைக்குப் பிறகு பரமசிவம் அந்த ஸ்க்ரூவுக்கு நெயில் பாலிஷ் வைக்கவே இல்லை.