வடதுருவத்துக்குப் போன அணைக்கட்டு

கணினியில் வரைபடம் போடக் கற்றுத் தருகிறோம் என்று பாளையங்கோட்டையில் பத்து நாள் பயிற்சி நடத்தினார்கள். தொண்ணூறுகளின் கடைசி. சர்வேயர்கள், பள்ளி, கல்லூரி வாத்தியார்கள், என்னைப் போன்ற அலுவலக ஆட்கள் என்று முப்பது பேர் இருந்தோம். கடைசி நாளன்று எல்லோருக்கும் பாசம் பொங்கிவிட்டது. "நமக்குள்ள ஒரு செய்தி மடல் இருக்கணும்வே" என்றார் ஒருவர். யார் நடத்துவது என்றதும் அத்தனை தலையும் என் பக்கம் திரும்பின. பெண்டாட்டி பிள்ளை இல்லாதவன், தச்சநல்லூரில் தனி அறை. என்னை விட்டால் யார்?

மாதம் ஒரு மடல், இரண்டு பக்கம். மென்பொருளின் புதுப் பதிப்பில் என்ன மாறியிருக்கிறது, வாய்க்காலை எந்த நிறத்தில் போட்டால் அச்சில் தெரியும், இப்படி. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகக் கணினியில் தட்டுவேன். ஜெராக்ஸ் எடுத்து, மூலத்தைக் கோப்பில் வைத்துக்கொண்டு, பிரதிகளைத் தபாலில் போடுவேன். "சந்தேகம் இருந்தால் எழுதுங்கள்" என்று ஒவ்வொரு மடலின் அடியிலும் கெஞ்சுவேன். ஒரு பயல் எழுதவில்லை. ஒருநாள் தபால்காரரையே நிறுத்திக் கேட்டேன். "வந்தா தராம நானா வச்சுக்கிடப் போறேன்?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஒரு சித்திரையில் தாமிரபரணி அணைக்கட்டுகளின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் பட்டியல் போட்டு அனுப்பினேன். அவற்றைத் தட்டினால் படத்தில் அந்தந்த இடத்தில் புள்ளி விழும். தபாலில் சேர்த்த மறுநாள் எடுத்துப் பார்த்தால், ஐயோ, ஸ்ரீவைகுண்டம் அணைக்கு மட்டும் இரண்டு எண்களையும் இடம் மாற்றிப் போட்டிருக்கிறேன்! அதை அப்படியே தட்டினால் அணை வடதுருவத்துக்குப் பக்கத்தில் பனிக்கடலில் போய் விழும். வேறு எந்தத் தொழில்காரனாலும் ஓர் அணையை அவ்வளவு தூரம் தூக்கிப் போட முடியாது.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது. முதல் வாரம் வசவுக் கடிதத்துக்குப் பயந்தேன். ஒரு மாதம் போனதும் அந்த வசவுக்கு ஏங்க ஆரம்பித்தேன். வேண்டுமென்றே திருத்தம் போடாமல் இருந்தேன். எண்ணைத் தட்டிப் பார்த்தவன் எவனும் திட்டாமல் இருக்க முடியாதே!

ஜெராக்ஸ் கடைக்காரரிடம் சொன்னேன். "அண்ணாச்சி, இம்புட்டுப் பெரிய தப்பு. ஒருத்தரும் திட்டலையே."

"திட்டலையா?" என்றவர் தாளைச் சரி செய்தபடியே, "அப்ப ஒருத்தனும் படிக்கலவே" என்றார்.

தெரிந்த சங்கதிதான். ஆனாலும் அடுத்தவர் வாயால் கேட்டபோதுதான் உறைத்தது. ஆவணி முடிவதற்குள் யாரும் எழுதாவிட்டால் மடலை நிறுத்திவிடுவது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். சாயங்காலம் அறையைத் திறந்ததும் கதவடியில் கைவிட்டுத் துழாவுவேன். தூசிதான் வரும். ஒருநாள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். நாற்பது வயது ஆம்பளை கடிதம் வரவில்லை என்று அழுதான் என்றால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

ஆவணியின் கடைசி வாரம் ஒரு கார்டு கிடந்தது. உவரியிலிருந்து, பயிற்சியில் பின் வரிசையில் வாய் திறக்காமல் இருந்த பள்ளி ஆசிரியர் எழுதியிருந்தார்.

"அண்ணாச்சி, இங்கன கம்ப்யூட்டர் நாலு மாசமா பழுதாக் கெடந்து இப்பத்தான் வந்துச்சு. மொத வேலையா ஒங்க புள்ளிய எல்லாம் வச்சுப் பாத்தேன். ஸ்ரீவைகுண்டம் அணை பனிக்கடல்ல போயி மெதக்கு. எங்க ஊரு கட்டுமரம் அம்புட்டுத் தூரம் போவாது. சரியான எண்ணை அனுப்புங்க."

நின்றபடியே நாலு தடவை படித்தேன். மறுநாள் திருத்தத்தைத் தட்டி, அடியில் கெஞ்சும் வரியை எடுத்துவிட்டு, கடைக்குப் போனேன்.

"வழக்கம்போல இருபத்தொம்பதுதான?" என்று அண்ணாச்சி தாள்கட்டைப் பிரித்தார்.

"ஒண்ணு போதும்" என்றேன்.