ஊறாத பானையும் மட்டுவில் அம்மாளும்

அம்மாளை நம்பி வந்தவர்களே, எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மாசி மாதம் என் மகள் சாந்திக்குக் கடும் காய்ச்சல் வந்தது. ஏழு வயது. காய்ச்சல் இறங்கியது, கால்கள் எழும்பவில்லை. சாவகச்சேரி டொக்டர் எண்ணெய் தந்து தினமும் தேய்க்கச் சொன்னார். நடப்பாளா என்று கேட்டேன். வாக்குத் தரமாட்டேன் என்றார். எனக்கு உலகமே இருண்டுபோனது.

பங்குனித் திங்கட்கிழமை ஒன்றில் மட்டுவில் அம்மாள் கோயிலில் பொங்குவதாக நேர்ந்துகொண்டேன். எல்லா ஊர்ச் சனமும் வந்து கோயில் வீதியில் அடுப்பு மூட்டும் நாள் அது. பிள்ளையை இடுப்பில் சுமந்து போனேன். பதற்றத்தில் புதுப்பானையைத் தண்ணீரில் ஊறப்போட மறந்துவிட்டேன். பால் பொங்குமுன்பே பானை வெடித்து அடுப்பு அணைந்தது.

அம்மாள் நேர்த்திக்கடனை ஏற்கவில்லை, வீட்டுக்குப் போவோம் என்று கூட வந்த என் மாமி கையைப் பிடித்து இழுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஊறப்போடாத பானை வெடிக்கும் மாமி. அது என்ரை பிழை. அம்மாள் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை."

பக்கத்து அடுப்பில் பொங்கி முடித்தவள் பருத்தித்துறையில் மீன் விற்கிறவள். தன் பானையைக் கிணற்றடியில் கழுவிக்கொண்டு வந்தாள்.

"தந்தால் வாங்குவியளோ?" என்று தயங்கிக் கேட்டாள்.

அவர்களின் பானையில் நாங்கள் பொங்குவதா என்று மாமி என்னைக் கிள்ளினார்.

"ஓம், தாங்கோ அக்கா" என்றேன். எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னேன்.

பால் பொங்கி வழிந்தது. மாமி அந்தப் பொங்கலைத் தொடவில்லை. நானும் சாந்தியும் அந்த அக்காவும் ஒரே வாழையிலையில் சாப்பிட்டோம்.

சாந்தி அன்று நடக்கவில்லை. மறைக்கமாட்டேன். மாமி நாள் தவறாமல் மூன்று கிழமை அந்தப் பானையைச் சொல்லிக் காட்டினார். நானோ எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் அம்மாளோடு சண்டை பிடித்தேன். பதில் சொல்லாமல் உன்னை விடமாட்டேன் என்றேன்.

சித்திரையில் ஒரு காலை முற்றத்தில் பனங்கிழங்கைக் கிழித்து ஒடியலுக்குக் காயப்போட்டிருந்தேன். உள்ளே வேலையாக இருந்த நான், சூ சூ என்று சாந்தி காகம் கலைக்கும் குரல் கேட்டு எட்டிப் பார்த்தேன். விறாந்தையில் இருத்திவிட்டு வந்த பிள்ளை, முற்றத்து முருங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் குழறி அழுதேன்.

எண்ணெய் செய்த வேலை என்றார்கள். இருக்கட்டும். டொக்டரையும் கும்பிடுகிறேன். தேய்த்த கைக்குத் தெம்பு தந்தவள் யார்?

அடுத்த பங்குனியில் சாந்தி தன் காலாலேயே கோயிலைச் சுற்றினாள். அன்றிலிருந்து நான் எந்தச் சாதியார் வீட்டிலும் சாப்பிடுகிறேன். உறவில் சிலர் எங்கள் வீட்டுப் படி மிதிப்பதில்லை. எனக்குக் கவலையும் இல்லை.

துன்பப்படுகிறவர்களே, அவளிடம் வாருங்கள். அழுங்கள், சண்டை பிடியுங்கள், அவள் கேட்பாள். சாதி பார்க்கிறவர்கள் மட்டும் முதலில் என் பிள்ளையின் கால்களைப் பார்த்துவிட்டு வரட்டும்.