மாமா தின்று காட்டிய கோழி

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி எங்கள் மாமாவுக்கு ஒரு கோழிக்கடை இருந்தது. மாமா என்றால் அப்பாவின் தங்கையைக் கட்டியவர். வயிறு முதலில் வரும், ஆள் பின்னால் வருவார். பிள்ளை இல்லாத வீடு என்பதால் பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே அங்கேதான் போவேன். ராத்திரியும் அத்தை பக்கத்திலேயே படுத்துக்கொள்வேன். அத்தை சிரித்தால் சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும். தேங்காய் துருவும்போது சிரிக்க வைத்தால் துருவல் பாதி தரையில் கிடக்கும். அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் இப்படித்தான் எங்கேயாவது போய்விடுவேன். கடைக்கு வருகிறேன்.

டிவியில் பறவைக் காய்ச்சல் என்று சொல்ல ஆரம்பித்திருந்த சமயம். எங்கேயோ தூரத்து ஊரில்தான் கோழிகள் செத்துக்கொண்டிருந்தன. ஆனால் எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு வாசனையே நின்றுபோனது. கறி வெட்டிய ஆட்கள் பயந்து சொந்த ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். மாமா கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டினார். கோழிக்கடையில் அதற்கு மட்டும் எப்போதும் குறைவில்லை.

அந்த நேரம் பார்த்து, கேளம்பாக்கம் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் கோழிகளை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார் என்று மாமாவுக்குத் தகவல் வந்தது. ஒரு வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். கூண்டைத் திறந்த அத்தை முகத்தைச் சுளித்தாள்.

“இன்னாய்யா இது? ஒண்ணுக்கும் கழுத்து நிக்கல. கொண்டையெல்லாம் நீலம் பாரிச்சுக் கீது.”

“வெயில்ல வந்துச்சில்ல, சொணங்கிக் கீது. கொதிக்கிற எண்ணெயில போட்டா எந்தக் கிருமி உயிரோட இருக்கும்? நீ உரிச்சுக் குடு, நான் பாத்துக்கறேன்.”

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. செத்த கோழி ஆகாது. சாகப்போகிற கோழியை அதற்குள் அறுத்துவிட்டால் அது நல்ல கறி. அத்தையும் அந்தக் கணக்கில் வளர்ந்தவள்தான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கடைக்குப் பின்னால் தகரத் தட்டியின் மறைவில் வெந்நீர் அண்டாவோடு உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா கடை முன்னால் மேஜை போட்டார். வாணலியில் கோழி பொரிந்தது. வாசனைக்குக் கூட்டம் கூடியது, ஆனால் எல்லோரும் எட்டியே நின்றார்கள்.

“உன் வூட்டுக் கோழிய மொதல்ல நீ துன்னுய்யா, பாக்கலாம்,” என்றார் ஆட்டோக்காரர் ஒருவர்.

மாமா தின்றார். ஒரு தட்டை எலும்போடு காலி செய்துவிட்டு, என்னைத் தூக்கி நாற்காலியில் நிறுத்தினார். “இத பாரு, என் மச்சான் பொண்ணு! நான் தூக்கி வளக்கற பொண்ணுக்கே குடுக்கறேன், அப்புறம் இன்னா உங்களுக்கு?” அத்தனை பேரும் என் வாயைப் பார்க்க, நான் ஒரு தொடையை மென்றேன். அப்படி ஒரு பெருமை எனக்குப் பிறகு கல்யாணத்தன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆட்டோக்காரர் கை நீட்டினார். சாயங்காலத்துக்குள் கோழியெல்லாம் விற்றுப்போனது.

மாமா சொன்னதில் பொய்யும் இல்லை. நன்றாக வெந்த கறியைத் தின்ற யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஊரே எங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. தட்டிக்குப் பின்னால், மூக்கில் ஒட்டிய இறகை ஈரப் புறங்கையால் துடைத்துக்கொண்டே உரித்துக்கொண்டிருந்தவளை யாரும் பார்க்கவில்லை. கையில் உறை இல்லை, முகத்தில் ஒரு துணி இல்லை. நடுவே ஓடிப் போன எனக்கு ஒரு நல்ல வால் இறகை எடுத்துக் கொடுத்தாள்.

அந்த வாரத்திலேயே அத்தைக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போல் இருக்கிறது என்றாள். தாம்பரத்தில் ஒரு டாக்டரிடம் போனோம்.

“கோழி கீழி ஏதாவது வளர்க்கறீங்களா? செத்த பறவை எதையாவது தொட்டீங்களா?”

“ஐயையோ, இல்ல சார்,” என்றார் மாமா. “நமக்குக் காய்கறி யாவாரம்.”

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். மாமா வழக்கம்போல் விளையாடுகிறார் என்று நினைத்தேன். அத்தை அவரைப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். கடைக்குச் சீல் வைத்துவிடுவார்கள் என்ற பயம் அவளுக்கும் இருந்திருக்கும். டாக்டர் சாதாரணக் காய்ச்சலுக்கான மாத்திரையை எழுதிக் கொடுத்தார்.

காய்ச்சல் இறங்கவே இல்லை. பாயில் உட்கார்ந்தபடியே மூச்சுக்கு ஏங்க ஆரம்பித்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார் மாமா. அங்கே ஒரு லேடி டாக்டர். மாமாவிடம் அதே கேள்வியைக் கேட்டார், அதே பதில் வந்தது. போகிற போக்கில் என் கன்னத்தைத் தட்டி, “அத்தைன்னா ரொம்பப் பிடிக்குமா?” என்றார். அது போதாதா எனக்கு?

“எங்க அத்தை மாதிரி வேகமா கோழி உரிக்க ஒருத்தராலயும் முடியாது. ஒரு வண்டி கோழிய ஒரே ஆளா உரிச்சாங்க. எல்லாம் கழுத்துத் தொங்கின கோழி!”

டாக்டர் முகமூடியை மேலே இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். மாமா அவர் பின்னாலேயே கதவு வரை ஓடினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

அத்தையைக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். அங்கிருந்து அவள் திரும்பவே இல்லை. அதை எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

கடையைச் சுற்றிப் பிளீச்சிங் பவுடர் கொட்டினார்கள். நானும் மாமாவும் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்றார்கள். அம்மா வாசலிலேயே சோற்றுக் கேரியரை வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போவாள். நோய்க்குப் பயந்து பொத்துகிறாள் என்று நினைத்தேன். ஒரு நர்ஸ் அக்கா தினமும் வந்து எங்கள் இருவருக்கும் மாத்திரை கொடுத்தாள். ஒருநாள் அந்த ஆட்டோக்காரர் தெருவில் நின்றபடி, “நானும் துன்னேம்மா, எனக்கும் ஒண்ணு குடு,” என்று கெஞ்சினார்.

“துன்னதுக்கு ஒண்ணும் ஆவாதுண்ணா. சீக்குக் கோழிய வெறுங்கையால தொட்டவங்களுக்கும், அவங்க கூட இருந்தவங்களுக்குந்தான் இது. ஜுரம் வந்தா மட்டும் மறைக்காம வந்து சொல்லு,” என்றாள் அவள்.

நான் என் மாத்திரையை விழுங்கிவிட்டுக் கேட்டேன்: “அத்தைக்கும் இதேதான் குடுக்கறாங்களா?”

அவள் மாமாவை ஒரு பார்வை பார்த்தாள். “ஆமா கண்ணு. இதேதான் குடுத்தாங்க.”

எனக்கு ஒரே சந்தோஷம். மாமாவின் முழங்காலைப் பிடித்து உலுக்கினேன். “பாத்தியா மாமா, எனக்கு ஜுரமே வரல. அதே மாத்திரதான். அத்தைக்கும் ஒண்ணும் ஆவாது!”

மாமா எழுந்து பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் வெகு நேரம் ஓடியது. எனக்கு அந்த மாத்திரை காய்ச்சல் வருவதற்கு முன்னாலேயே கிடைத்தது, அத்தைக்கோ மூச்சு அடங்கப்போகிற நேரத்தில்தான் கிடைத்தது என்பதை அவர் அறிந்திருந்தார். நான் கேரியரைத் திறந்து, அத்தைக்குப் பிடிக்கும் என்று ஒரு வடையைத் தனியாக எடுத்து மூடி வைத்தேன்.