லைட்டம்மா வீட்டு எடை

கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு குடும்பம் தோற்க எவ்வளவு நேரம் ஆகும் என்று சந்தைத் தெருவில் கேட்டுப் பாருங்கள். யாரும் யோசிக்க மாட்டார்கள். விசில் ஊதியவர் விசிலை வாயிலிருந்து எடுக்கும் நேரம் என்பார்கள். போன வருடம் லைட்டம்மா குடும்பம் அவ்வளவு சுருக்காகத்தான் தோற்றது. எதிரே நின்றது கறிக்கடைக்காரர் குடும்பம். ஒரே இழுப்பில் நான்கு பேரும் கோட்டைத் தாண்டிப் போய் அவர்கள் காலடியில் குப்புற விழுந்தார்கள். அன்று மாலையே "பஞ்சு குடும்பம்" என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

பெயர் வைத்ததுகூட அவளுக்கு வலிக்கவில்லை. மேடையில் நீலக் காகிதம் சுற்றி நின்ற முதல் பரிசுதான் நெஞ்சைப் பிசைந்தது. அது ஒரு ஃபிரிட்ஜ். கறிக்கடைக்காரர் வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருந்தன. மூன்றாவதையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

லைட்டம்மா என்பது அவளுக்கு வேலை கொடுத்த பெயர். முட்டைக் கிடங்கின் இருட்டறையில், அடியில் விளக்கு எரியும் ஒரு மேஜை முன்னால் பதினோரு வருடமாக நிற்கிறாள். முட்டைகள் வரிசையாக உருண்டு வரும். வெளிச்சம் ஓட்டுக்குள் புகுந்து முட்டை முழுக்கச் செக்கச்செவேலென்று தெரியும். தலைமுடி கனத்தில் ஒரு விரிசல் இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. கை தானாகப் போய் அதை எடுத்துவிடும். விரிசல் விட்ட முட்டை கடைக்குப் போகாது. வேலை செய்கிறவர்களே அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். ஒரு ரொட்டியின் விலையில் ஒரு தட்டு, முப்பது முட்டை!

இதைக் கேட்டதும், அப்புறம் என்ன குறை என்று உங்களுக்குத் தோன்றும். குறை இருந்தது. விரிசல் முட்டையை அன்றே வேகவைத்துத் தின்று தீர்க்க வேண்டும், ஒரு நாள் வெளியே வைத்தால் வீடு நாறிவிடும். ஐந்து பேர் ஒரே நாளில் முப்பது முட்டையை எப்படித் தின்பது? அதனால் ஆறேழு முட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை மனசில்லாமல் விட்டுவிட்டு வருவாள். கொண்டைக்கடலையும் அப்படித்தான். ஒரு பெரிய பானை வேகவைத்தால் நான்கு நாளைக்கு வரும், எரிவாயுவும் மிச்சம். ஆனால் மறுநாளே நுரைத்துவிடும். தயிர் புளித்துவிடும். மலிவாகக் கிடைக்கிற சத்தெல்லாம் அவள் வீட்டு வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அந்த ஃபிரிட்ஜ் மட்டும் இருந்தால்!

தோற்ற அன்று வீட்டுக்கு வந்து முழங்காலில் ஒட்டிய மண்ணைத் துடைத்தபடி அறிவித்தாள்.

"அடுத்த வருஷம் அந்த ஃபிரிட்ஜ் நம்ம வீட்டுக்கு வருது."

பஞ்சர் கடை வைத்திருக்கும் கணவர் சிரித்தார். "எப்படி? நாம நாலு பேரும் சேர்ந்தாலே அவங்க ஒருத்தர்தான்."

"அதான். முதல்ல உடம்புல கறி வைக்கணும்."

"கறி வாங்கவே காசில்லையே அண்ணி," என்றான் கொழுந்தன். ஏணியில் ஏறி வீடுகளுக்கு வர்ணம் அடிக்கிறவன், ஏணியைவிட ஒல்லி.

"உடம்புல கறி வைக்க, கறியேதான் திங்கணும்னு எவன் சொன்னான்?"

போட்டியை நடத்தும் சந்தை வியாபாரிகள் சங்கத்தின் விதி எளிது. ஒரே குடும்பத்து ஆட்கள் நான்கு பேர், பத்து வயது தாண்டியிருக்க வேண்டும், நால்வரின் மொத்த எடை இருநூற்று நாற்பது கிலோவைத் தாண்டக் கூடாது. போன வருடம் இவர்கள் நால்வரும், அதாவது அவள், கணவர், கொழுந்தன், நர்ஸ் படிப்பு படிக்கும் பெரியவள், சேர்ந்து இருநூற்று இருபத்திரண்டுதான். கறிக்கடைக் குடும்பம் இருநூற்று முப்பத்தொன்பது. வரம்பை ஒட்டி, ஒரு கிலோ குறைவு. அந்தக் குடும்பம் கறியையும் கத்தியையும் மட்டுமல்ல, தராசையும் நன்றாகத் தெரிந்த குடும்பம்.

மறுநாளே தொடங்கிவிட்டாள். வேலை விட்டு வந்ததும் ஆளுக்கு இரண்டு முட்டை, வெங்காயம் தக்காளியோடு நன்றாகக் கிளறியது. பஞ்சர் கடைக்கும் ஏணிக்கும் ஒரு கை வறுத்த வேர்க்கடலை, சட்டைப்பையில். மதியத்துக்கு முதல் நாள் ஊறப்போட்ட கடலையோ காராமணியோ, வெந்ததும் பாதியை மசித்து அதே குழம்பில் விட்டால் கெட்டியாகி வயிற்றில் நிற்கும். மசூர் பருப்புக்கு ஊறவைக்கிற வேலையே இல்லை, குளித்துவிட்டு வருவதற்குள் வெந்துவிடும். வாரக் கடைசியில் டின் மீன் ஒன்று. ஒரு டின்னை உருளைக்கிழங்கோடு பிசைந்து தட்டித் தட்டிப் பொரித்தால் ஐந்து பேருக்கும் வரும், டின்னில் இருந்த எண்ணெயிலேயே பொரிக்கலாம். சோயா உருண்டையைக் கொழுந்தன் முதல் நாள் ஸ்பாஞ்ச் என்றான். இரண்டாம் வாரம் இரண்டாவது கரண்டி கேட்டான். எதையாவது புதிதாகக் கண்டுபிடித்துவிட்டால் அவளுக்குத் தலைகால் புரியாது. வேலையிடத்தில் பக்கத்து மேஜைக்காரியைப் பிடித்து நிறுத்தி, "ஏய், வேர்க்கடலைய அரைச்சுப் பருப்புல ஊத்திப் பாரு, அப்புறம் என்னைக் கும்பிடுவே!" என்பாள்.

மாலையில் பயிற்சி. பஞ்சர் கடைக்குப் பின்னால் ஒரு லாரி டயரில் கல்லை நிரப்பி, அதில் கயிற்றைக் கட்டி நால்வரும் இழுப்பார்கள். பதினோரு வயதுச் சின்னவள் டயர் மேல் உட்கார்ந்து சவாரி போவாள். அப்பாவுக்கு அவசரமாக ஒரு டயர் வந்துவிட்டால் அவரிடத்தில் தானே கயிற்றைப் பிடித்துக்கொள்வாள். லைட்டம்மா கடைசி ஆள், அவள் குரல்தான் தாளம். "பொறு... பொறு... இப்ப!"

எடை பார்க்க ஞாயிற்றுக்கிழமை கிடங்குக்குப் போவார்கள். பெட்டிகளை ஏற்றும் கதவருகே பெரிய மேடைத் தராசு இருந்தது. மேற்பார்வையாளர் நல்ல மனிதர், ஒன்றும் சொல்ல மாட்டார். இரண்டு மாதம் கழித்து முதல் தடவை ஒவ்வொருவராக ஏறினார்கள். மொத்தம் இருநூற்றுப் பத்தொன்பது.

அவளுக்குப் பகீரென்றது. இத்தனை முட்டை தின்றும் மூன்று கிலோ இறங்கியிருக்கிறார்களே!

கணவர் தராசின் முகப்பை எட்டிப் பார்த்தார். "ஆளே ஏறாம இருக்கறப்ப, கோடு போட்டு ரெண்டுன்னு காட்டுதே, இது என்ன?"

"அது எப்பவும் அப்படித்தாங்க இருக்கும்," என்றாள் அவள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அன்றிலிருந்து ஆளுக்கு இரண்டு முட்டை மூன்றானது. இரவில் தூங்கும் முன் ஆளுக்கு ஒரு கிண்ணம் தயிர். கொழுந்தனுக்குச் சட்டைப் பொத்தான் போடவில்லை, புதுச் சட்டை எடுத்தார்கள். பெரியவள் மாடிப்படியை மூச்சு வாங்காமல் ஏறினாள். தராசும் மனமிரங்கி ஏறியது. போட்டிக்கு முந்தின ஞாயிறு இருநூற்று முப்பத்தாறு! வீட்டுக்கு நடந்து வரவில்லை, பாதி வழி ஓடியே வந்தார்கள்.

போட்டி நாள் காலை. சந்தை மைதானத்தில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. மேடையில் பச்சைக் காகிதம் சுற்றிய ஃபிரிட்ஜ். லைட்டம்மா அதைப் பார்க்காத மாதிரி மூன்று முறை பார்த்தாள். சங்கத்துத் தராசில் நால்வரும் ஒவ்வொருவராக ஏறி இறங்கினார்கள். எழுதிக்கொண்டிருந்த சங்கச் செயலாளர் கூட்டிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி கூட்டினார்.

"இருநூத்தி நாப்பத்திநாலு. நாலு கிலோ அதிகம்மா. சேர்க்க முடியாது."

"என்ன அதிகம்?"

"எடை. உங்க குடும்பத்து எடை."

சுற்றி நின்றவர்கள் சிரிக்க மறந்துபோனார்கள். பஞ்சு குடும்பம் எடை அதிகமா?

அந்த நொடியில்தான் லைட்டம்மாவுக்கு எல்லாம் விளங்கியது. இரண்டு. ஒரு ஆளுக்கு இரண்டு, நான்கு பேருக்கு எட்டு. தினமும் காலையில் கிடங்குக்குப் போனதும் அவள் செய்யும் முதல் வேலை, வெறும் முட்டைப் பெட்டியைத் தராசில் வைத்துப் பொத்தானை அமுக்குவது. பெட்டியின் எடை இரண்டு கிலோ. தராசு அதைக் கழித்துவிட்டு முட்டையின் எடையை மட்டும் காட்டும். பதினோரு வருடமாகக் கை தானாகச் செய்யும் வேலை. ஊருக்கெல்லாம் முட்டையை நிறுக்கிற மாதிரி தன் புருஷனையும் பிள்ளையையும் பெட்டியைக் கழித்து நிறுத்திருக்கிறாள்! அந்தக் கோடும் இரண்டும் பெட்டியைக் கழிக்கிறேன் என்று தினமும் அவள் முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

அழ வேண்டிய நேரம். அவளுக்கோ அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. இருபத்திரண்டு கிலோ! கடலையும் பருப்பும் யாருக்கும் வேண்டாத முட்டையும் இருபத்திரண்டு கிலோ சதையாக அவள் குடும்பத்தின் மேல் ஒட்டியிருக்கிறது. எடை குறைவு, எடை குறைவு என்றே கேட்டுப் பழகிய காதில் எடை அதிகம் என்ற சொல் தேனாக இறங்கியது.

"என்னம்மா சிரிக்கிறே, வெளிய போகச் சொல்றாங்க!" என்று பெரியவள் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"நான் விலகிக்கிறேன்," என்றார் கணவர். "நான்தான் கனம்," என்றான் கொழுந்தன்.

"யாரும் வேணாம். பொத்தானை அமுக்கினது நான். நான்தான் போகணும்." திரும்பிப் பார்த்தாள். சின்னவள் கூட்டத்தின் முன்வரிசையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். "வாடி. கடைசில பெரியவ நிக்கட்டும், நீ அவளுக்கு முன்னால பிடி."

அறுபது கிலோ போய் முப்பது கிலோ வந்தது. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. போன வருடத்தைவிடக் குறைவு! கறிக்கடைக்காரர் சிரித்தார், கெட்ட எண்ணத்தில் இல்லை, பாவமே என்றுதான்.

வெளியே நின்று குரல் கொடுக்க ஒருவருக்கு அனுமதி உண்டு. முதல் இரண்டு சுற்றும் அந்தக் குரலின் தாளத்திலேயே தாண்டிவிட்டார்கள். பழக்கடைக் குடும்பமும் தையல்கடைக் குடும்பமும் பயிற்சியே செய்யாமல் வந்திருந்தன. இறுதியில் எதிரே கறிக்கடை. இறுதியில் மட்டும் மூன்று இழுப்பில் இரண்டை ஜெயிக்க வேண்டும்.

முதல் இழுப்பு போயே போய்விட்டது. சின்னவள் முழங்கையில் ரத்தம்.

லைட்டம்மாவின் கண் ஒன்றைப் பிடித்திருந்தது. போன வருடம் கயிற்றின் கடைசியில் மல்லாந்து சாய்ந்தபடி அவள் பார்த்தது வானத்தை மட்டும்தான். இப்போது பக்கவாட்டில் நிற்கிறாள், எல்லாம் தெரிகிறது. கறிக்கடை வரிசையின் கடைசி ஆள், மூத்த மகன், ஒவ்வொரு பெரிய இழுப்புக்கும் பிறகு கையை மாற்றிப் பிடிக்கிறான். அந்தக் கணத்தில் கயிறு தலைமுடி கனத்துக்குத் தளர்கிறது. வேறு யாருக்கும் தெரியாது. விரிசல் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தெரிந்தது.

இரண்டாவது விசில். "பொறு," என்றாள். கறிக்கடை இழுத்தது, இவர்கள் ஒரு அடி போனார்கள். "பொறு." மூத்த மகனின் வலது கை விரிந்தது. "இப்ப!"

நால்வரும் ஒரே உடம்பாகச் சாய்ந்தார்கள். கயிறு வந்தது. வந்துகொண்டே இருந்தது!

மைதானம் எழுந்து நின்றது. மூன்றாவது இழுப்பில் கறிக்கடைக்காரர் பல்லைக் கடித்து நின்றார். மகனும் கையை மாற்றாமல் இறுக்கிப் பிடித்திருந்தான். கூட்டம் முழுக்க "இழு, இழு" என்று கத்தியது. கணவரின் முகம் தக்காளியாகச் சிவந்துவிட்டது. கொழுந்தனின் குதிகால் மண்ணில் குழி பறித்தது. இவள் மட்டும் "பொறு" என்றாள். "பொறு, தங்கம், பொறு." எவ்வளவு நேரம் ஒருவன் ஒரே பிடியில் நிற்பான்? வேர்வை வழிகிறது, கயிறு நழுவுகிறது. ஒரு விரல் பிரிந்தது. இன்னொரு விரல்.

"இப்ப! இப்ப! இப்ப!"

கோட்டைத் தாண்டிக் கறிக்கடைக்காரர் குப்புற விழுந்தார். அவர் விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் சின்னவள் ஏற்கெனவே ரத்த முழங்கையோடு குதித்துக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு லைட்டம்மாவிடம் வந்தார்.

"என்னதாம்மா சாப்பாடு போடுறே இவங்களுக்கு?"

"உங்க கடைல கிடைக்காது அண்ணே," என்றாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மறுநாள் கிடங்கில் அவள் முட்டையை எண்ணி எடுக்கவில்லை. முழுத் தட்டையும் எடுத்தாள், முப்பதும். சமையலறை மூலையில் உறுமிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜின் கதவைத் திறந்து ஒவ்வொன்றாக அடுக்கினாள். சின்னவள் பக்கத்தில் நின்று எண்ணினாள், அடுப்பைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, விரிசல் முட்டையாச்சே. இன்னிக்கே சாப்பிட வேணாமா?"

லைட்டம்மா கடைசி முட்டையையும் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"வேணாம்டி," என்றாள். "நாளைக்கும் இருக்கும்."