பிளாஸ்மா மேசை பார்க்க இரத்மலானைக்கும் வத்தளைக்கும் போனோம்

கொட்டாஞ்சேனையில் நானும் என் கூட்டாளி நசீரும் ஒரு சின்ன இரும்புப் பட்டறை வைத்திருக்கிறோம். கேற், கிறில், மாடிப்படிக் கைப்பிடி என்று வீட்டு வேலைகள்தான். வெல்டிங்கில் ஒட்டுவது நான், தகட்டை வெட்டுவது நசீர். சீனி வருத்தத்தால், அதாவது நீரிழிவால், போன வருடம் அவனுடைய வலது கண் மங்கிவிட்டது. இடது கண்ணுக்கும் நுணுக்கமான கோடு பிடிபடுவதில்லை. அதனால்தான் கணினியில் வரைந்ததைத் தானாக வெட்டித் தரும் பிளாஸ்மா மேசை ஒன்று வாங்க முடிவெடுத்து, பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை பட்டறையைத் திறக்காமல் இருவரும் கிளம்பினோம். இதே மேசையைத் தேடுகிறவர்கள் இருப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

நசீர் கோட்டையில் ரயில் ஏறி வந்தான். நான் எட்டு மணியளவில் வெள்ளவத்தையில் அதே பெட்டியில் ஏறிக்கொண்டேன். இரத்மலானைக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. கடல் பக்கம் இருக்கை கிடைத்தும் அவன் வெளியே பார்க்கவில்லை. நான் பழைய பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்த தகட்டைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டேன். மூன்று மில்லிமீற்றர் தடிப்பு, கொஞ்சம் கறள் பிடித்தது. எங்கள் பட்டறையில் கிடக்கிற தகடுகள் அப்படித்தான்.

கடை, நிலையத்திலிருந்து ஓட்டோவில் பத்து நிமிடம். விற்பனைப் பையன் சிங்களத்தில் மிக மரியாதையாகப் பேசினான். கண்ணாடி போல் மினுங்கும் தகடு ஒன்றை வைத்து ஒரு மயிலை வெட்டிக் காட்டினான். தோகை உட்பட ஒரு பிசிறு இல்லை. எனக்கு வாய் பிளந்துவிட்டது. பிறகு என் தகட்டை நீட்டினேன். கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் போட்டான். பாதி வெட்டுவதற்குள் தகடு சூட்டில் மேலெழும்பி, மேலே நகர்ந்து வெட்டும் டோர்ச்சில் உரசியது, மேசை நின்றுவிட்டது. தகடு எழும்பினால் டோர்ச்சும் தானாக உயரும் வசதி அந்த மேசையில் இல்லையாம். அந்த வசதியோடு இன்னொன்று இருப்பதாகச் சொன்னான். மறைக்காமல் சொன்னதற்காக அவனை எனக்குப் பிடித்துப்போனது.

ஆனால் கிளம்பும்போது அவன் ஒன்று சொன்னான். "இத எடுத்தா வெட்டுறதுக்கு ஆளே தேவயில்ல, சேர்." அதையும் சிங்களத்தில்தான் சொன்னான். நசீருக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் தெரியும். அவன் வாசலுக்குப் போய் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கோட்டைக்குத் திரும்பும் ரயிலில் தெஹிவளை தாண்டிய பிறகுதான் வாய் திறந்தான்.

"மச்சான், மெஷின எடு. என்ட பங்கயும் நீயே எடுத்துக்கோ."

"என்ன விசர்க்கதை இது?"

"விசர் இல்ல. எனக்குக் கோடு தெரியிறல்ல. சும்மா வந்து குந்திட்டுப் பங்கு வாங்க எனக்கு ஏலாது."

"வத்தளையையும் பாத்திட்டுக் கதைப்பம்" என்றேன்.

கோட்டையிலிருந்து நடந்துபோய் புறக்கோட்டையில் நீர்கொழும்பு பஸ் பிடித்தோம். களனிப் பாலத்தில் நல்ல நெரிசல், அரை மணிப் பயணத்துக்கு ஒரு மணி நேரம் போனது. வத்தளையில் மெர்சி அக்கா லொறிகளுக்குத் தகட்டு வேலை செய்கிறார். எங்களுக்கு இரும்பு விற்பவர்தான் அவரை அறிமுகம் செய்தார். அவரிடம் இருப்பது நான்குக்கு நான்கு அடி மேசை, தகட்டுக்குக் கீழே தண்ணீர்த் தொட்டி. புகையில் பெரும்பகுதியைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. எங்கள் ஒழுங்கையில் சுவரோடு சுவராக வீடுகள் என்பதால் எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

"தனிய விட்டுட்டு மட்டும் போயிராதீங்க" என்றார் அக்கா. "ஒரு நாள் தண்ணி கொறஞ்சிருந்தத நான் பாக்கல. உள்ள போன் பேசிட்டு வாறேன், ஓரத்துல கெடந்த துணி எரியுது. பக்கத்துல எப்பவும் ஒரு ஆள் நிக்கணும்."

வெட்டுவதற்கு முன் திரையில் ஒரு வளைவைச் சரிபார்க்க அதைப் பெரிதாக்கினார். பின்னால் நின்ற நசீர் ஓரடி முன்னால் வந்தான்.

"அக்கா, அத இன்னும் பெரிசாக்க ஏலுமா?"

"எவ்வளவு வேணும்னாலும் ஏலும். இந்தாங்க." மவுசை அவன் கையில் கொடுத்தார்.

கோடு விரல் தடிப்பு வரும்வரை நசீர் பெரிதாக்கிக்கொண்டே போனான். "தெரியுது" என்றான், மெதுவாக. யாருக்குச் சொன்னான் என்று தெரியவில்லை.

அக்கா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, திரையில் வெறும் பக்கம் ஒன்றைத் திறந்துவைத்துவிட்டு பிளேன்ரீ ஊற்றப் போனார். கேற்றின் மூலைக்கு வழக்கமாக வெட்டும் பூங்கொடி வடிவத்தை நசீர் வரையத் தொடங்கினான். மவுஸ் பழக்கமில்லாததால் அழித்து அழித்துத்தான் வரைந்தான். அவனுடைய தேநீர் ஆறிப்போனது. பாதி வெட்டி நின்ற எங்கள் தகட்டின் மற்றப் பாதியில் அக்கா அதை வெட்டித் தந்தார்.

தகடு ஆறியதும் நசீர் எடுத்து விளிம்பைப் பெருவிரலால் தடவிப் பார்த்தான். சிரிப்பான் என்று நினைத்தேன்.

"முனை தடிச்சிட்டு. இன்னொருக்கா வெட்டுவம்" என்றான்.

மூன்று முறை வெட்டினோம். நாங்கள் பஸ் ஏறும்போது பின்னேரம் ஐந்து மணி. பாலத்தில் மறுபடியும் நெரிசல். பங்கைப் பற்றி நசீர் ஒரு வார்த்தை பேசவில்லை. திரையை எந்தச் சுவரில் வைப்பது, தூசு படாமல் எப்படி மூடுவது, எத்தனை அங்குலத் திரை வேண்டும் என்றே கேட்டுக்கொண்டு வந்தான். நானும் ரயிலில் சொன்னதை ஞாபகப்படுத்தவில்லை.

இரத்மலானைக் கடையிலேயே, டோர்ச் தானாக உயரும் நான்கடி மேசையைத் தண்ணீர்த் தொட்டியோடு எடுத்தோம். திரை மட்டும் வேறு, பெரியது. இப்போது வரைவதும் பக்கத்தில் நிற்பதும் நசீர்தான்.

போகிறவர்களுக்குச் சில விடயங்கள். உங்கள் பட்டறைத் தகட்டையே கொண்டுபோங்கள், கடைத் தகட்டை நம்பி முடிவெடுக்காதீர்கள். காற்றில் ஈரம் இருந்தால் டோர்ச் நுனி சீக்கிரம் தேயும், அதனால் டோர்ச்சுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரசருக்கு ஈரம் பிரிக்கும் வடிகட்டியையும் சேர்த்துக் கேளுங்கள். உங்கள் இடத்து மின்சாரம் மேசையைத் தாங்குமா என்று முதலே ஒரு எலக்ட்ரீசியனிடம் காட்டுங்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர் ஒருவரிடமும் போய்ப் பாருங்கள், பழுதுகளை அவர்தான் சொல்வார். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மேசையடியில் நிற்கப்போகிற ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கு அன்று வர முடியாவிட்டால், இன்னொரு நாள் போங்கள்.