ஒரே பாட்டின் மூன்று நீளங்கள்

என் குறிப்புப் புத்தகத்தில் அந்தப் பாட்டின் நீளம் மூன்று இடங்களில் மூன்று விதமாக இருக்கிறது. ஓரிடத்தில் ஒன்பது நிமிடம் முப்பது விநாடி. இன்னோரிடத்தில் பத்து நிமிடம் ஐந்து விநாடி. வேறொரு பக்கத்தில் எட்டு நிமிடம் ஐம்பது விநாடி. மூன்றும் என் கையெழுத்து, மூன்றையும் அளந்தது ஒரே கைக்கடிகாரம். அதே பாட்டு இப்போது என் கைப்பேசியில் ஏழு நிமிடம் நாற்பது விநாடி ஓடுகிறது. நாள்பட்டால் பாட்டும் சுருங்குமா என்று இந்த வருடம் ஆடி மாதத்தில் ஓர் இரவு உண்மையாகவே யோசித்தேன்.

குறிப்பெடுப்பது என் பழக்கம். மழை பெய்த நாள், பஸ் பிந்திய நேரம், வாசித்து முடித்த புத்தகம் என்று பதினாறு வயதிலிருந்து எழுதி வருகிறேன். கந்தோரில் கோப்புப் பார்க்கும் வேலைக்குப் போகுமுன்பே தொடங்கிவிட்ட பழக்கம்.

ஆனி இரண்டாம் சனிக்கிழமை குருநகரிலிருந்து என் பள்ளிக்கூட நண்பன் அழைத்தான். முப்பது வருடமாக மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துபவன். கொஞ்ச நாட்களாகத் தொலைபேசியில் கத்திக் கதைக்கிறான் என்று கவனித்திருந்தேன். அன்று கத்தவில்லை. "ஒருக்கா வா மச்சான்" என்று மட்டும் சொன்னான். சாவகச்சேரியிலிருந்து பஸ் எடுத்துப் போனேன்.

அவனுடைய எஞ்சின் கொட்டிலில், கழற்றிப் போட்ட இரும்புகளுக்கு நடுவே எனக்கு ஒரு கதிரை போட்டான்.

"வலது காது முடிஞ்சுது. இடதும் இன்னும் கொஞ்ச மாசந்தானாம். பிறகு மெசின் போடவேணுமாம்."

"போட்டால் கேக்குந்தானே."

"கதைக்கிறது கேக்கும். பாட்டுக் கேட்டால் அது மெசின்ரை பாட்டாத்தான் இருக்குமெண்டு டொக்டர் சொல்லுறார். அதுக்கு முதல் அதை ஒருக்காக் கேக்கவேணும். உன்னட்டை இருக்குந்தானே?"

எதைக் கேட்கிறான் என்று நான் விசாரிக்கவில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவான பாட்டு ஒன்றுதான்.

நாங்கள் அதைக் கேட்டது போர்க்காலத்தில், குடாநாட்டில் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில். பற்றரியும் கிடையாது. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின்சக்கரத்து டைனமோவிலிருந்து வயர் இழுத்து, பெடலைக் கையால் சுற்றித்தான் ரேடியோ கேட்டோம். அநேகமாக எல்லா வீடுகளிலும் அப்படித்தான். என் நண்பன் அந்த வயரை ரேப் றெக்கோடருக்குள் ஏதோ செய்து பொருத்தினான். கொழும்பிலிருந்து வந்த யாரோ கொடுத்த ஒரு கசற் எங்களிடம் இருந்தது. மேலே பெயர் எழுதியிருக்கவில்லை. ஆங்கில ரொக் பாட்டுகள். அதில் நாலாவதுதான் எங்களுடையது.

அந்தப் பாட்டு தொடங்கும்போது ஒரேயொரு கிற்றார்தான். நெடுநேரம் அதுவே. பிறகு ஒருவன் தனக்குத்தானே கதைப்பதுபோலப் பாடுவான். இன்னொரு கிற்றார் சேரும். எதுவும் நடக்காது. பாதிக்கும் அப்பால், இனி வராது என்று நினைக்கும்போது ட்றம்ஸ் விழும். அதிலிருந்து எல்லாம் ஒன்றாக ஏறி, பாடுபவன் கத்தி, முடிந்துவிடும். சொற்கள் எங்களுக்கு விளங்கவில்லை. ட்றம்ஸ் விழும் இடத்துக்கு நாங்கள் வைத்த பெயர் 'வாறது'. "இன்னும் வரேல்லை" என்று என் நண்பன் பெடலைச் சுற்றியபடி சொல்வான். வந்ததும் பேச மாட்டான். எனக்குக் கையில் மயிர் எழும்பி நிற்கும். ஒரு தடவை அழுதுமிருக்கிறேன். ஏன் என்று அன்றைய குறிப்பில் எழுதவில்லை. 'வெக்கை அதிகம்' என்று மட்டும் இருக்கிறது.

பல வருடங்களுக்குப் பின் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அதன் தொடக்கம் கேட்டது. கடைக்காரரிடம் விசாரித்துப் பெயரை எழுதிக்கொண்டேன். பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் வாசிப்பவர் தேடி எடுத்துக் கேட்பார். அவர் கேட்பது நாங்கள் கேட்டதாக இராது.

அன்று கொட்டிலில் கைப்பேசியை அவனுடைய இடது காதோரம் பிடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். ட்றம்ஸ் விழுந்தது. அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. பாட்டு முடிந்தது.

"உது அது இல்லை மச்சான்."

"என்னடா அது இல்லை? அதேதான்."

"ஆரோ பொடியன் பாடுறான். எங்கடை ஆள் பெரிய ஆள். தடிச்ச குரல்."

அவன் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தாள். "அண்ணை, இவருக்கு நான் கூப்பிடுறதே கேக்கிறேல்லை. நீங்கள் பாட்டுப் போட்டுக் காட்டுறியள்."

"உன்ரை குரல் கேக்குது. பதில்தான் சொல்லுறேல்லை" என்றான் அவன்.

நான் சிரித்தேன். பஸ்ஸில் திரும்பும்போது சிரிப்பு இல்லை. பாட்டு சரியென்றால் காது பிழை. காது இப்போதே பிழையென்றால், அவன் கேட்க ஆசைப்பட்டது ஏற்கெனவே கைவிட்டுப் போய்விட்டது. பாட்டுத்தான் பிழை என்று இருந்துவிடக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன்.

அதற்கடுத்த வாரங்களில் அகப்பட்டதையெல்லாம் வாசித்தேன். எஞ்சின் இரைச்சல் காதிலிருந்து முதலில் பறிப்பது மெல்லிய, உயர்ந்த ஒலிகளை என்று அறிந்தேன். அப்படியானால் பாடகனின் குரல் அவனுக்குத் தடித்தல்லவா கேட்டிருக்க வேண்டும்? 'பொடியன்' என்று ஏன் சொன்னான்? மெதுவாக ஏறும் பாட்டுகள் ஏன் மனிதரை உலுப்புகின்றன என்றும் வாசித்தேன். எதிர்பார்த்த ஒலி பிந்தி வருவதால் என்றார் ஒருவர். ஒவ்வொரு கருவியாகச் சேர்வதால் என்றார் இன்னொருவர். எல்லாம் சரிபோலத்தான் இருந்தது. ஆனால் கைப்பேசியில் கேட்டபோது ஒலி பிந்தித்தான் வந்தது, கருவிகள் ஒவ்வொன்றாகத்தான் சேர்ந்தன, என் கையில் மயிர் எழும்பவில்லை. என் காதில் பழுது ஏதும் இல்லை.

வேறு பதிவாக இருக்கலாம் என்று நினைத்து, மேடையில் பாடியதையும் பெரிய வாத்தியக் குழுவோடு வாசித்ததையும் எடுத்துக்கொண்டு ஆடி முதல் சனி மறுபடி போனேன். மேடைப் பதிவில் தொடக்கத்திலேயே சனம் ஆர்ப்பரித்தது.

"உவங்கள் ஏன் இப்பவே கை தட்டுறாங்கள்? இன்னும் வரேல்லையே" என்றான்.

வாத்தியக் குழுப் பதிவை ஒரு நிமிடத்தில் நிறுத்தச் சொன்னான். "இது கலியாண வீடு."

பிறகு எஞ்சின் பிளக் ஒன்றை எடுத்துத் துடைக்கத் தொடங்கினான். "காதுதான் போட்டுது போலை. நீ உதுக்காண்டி அலையாதை" என்றான்.

அன்று இரவு குறிப்புப் புத்தகத்தை எடுத்தது அலையாமல் இருக்கத்தான். பாட்டு சம்பந்தமான பக்கங்களை ஒழுங்காக மூடி வைக்கலாம் என்று பார்த்தால் இந்த மூன்று நீளங்கள். அவற்றின் பக்கத்தில் நான் மறந்தே போயிருந்த ஒரு நிரல். 'சுற்றியவர்'. யார் எத்தனை முறை பெடல் சுற்றியது என்று எங்களுக்குள் அடிக்கடி சண்டை வரும். அதைத் தீர்க்கப் போட்ட நிரல். ஒன்பது முப்பதுக்கும் பத்து ஐந்துக்கும் நேரே அவன். எட்டு ஐம்பதுக்கு நேரே நான்.

ஒரே கசற்றை அவன் சுற்றினால் ஒரு நீளம், நான் சுற்றினால் வேறு நீளம்.

இது எனக்கு ஏன் உடனே விளங்கவில்லை என்பது இன்னும் விளங்கவில்லை. சக்கரம் மெதுவாகச் சுற்றினால் கசற் மெதுவாக ஓடும், பாடுபவன் குரலும் தடிக்கும். கூடவே ஒன்று ஞாபகம் வந்தது. சக்கரம் வேகமாகச் சுற்றினால் டைனமோ ரயரில் உரசிக் கீச்சிடும். தனிக் கிற்றார் அந்தச் சத்தத்தில் மூழ்கிவிடும். ஆகையால் அவன் தொடக்கத்தில், கசற் நின்றுவிடாமல் இருக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் சுற்றுவான். மூச்சைக்கூட அடக்கிக்கொள்வான். ட்றம்ஸ் விழுந்த பிறகு எந்த இரைச்சலும் பொருட்டில்லை. அப்போதுதான் முழுப்பலத்தோடும் சுற்றுவான். வேகம் கூட, குரலும் உயரும், சத்தமும் பெருகும். அந்தப் பாட்டு போகப்போக வேகம் எடுக்கும் என்று இத்தனை வருடமும் நம்பியிருந்தேன். கைப்பேசியில் வைத்துத் தாளத்தை எண்ணிப் பார்த்தேன். முதலிலிருந்து கடைசிவரை ஒரே வேகம்.

இன்னொன்றும் கண்டேன். பல நாட்களுக்கு நேரே நீளமே இல்லை, 'பாதியில் நின்றது' என்று மட்டும் இருந்தது. குண்டு போடும் விமானத்தின் சத்தம் கேட்டால் கையை எடுத்துவிட வேண்டும். செயின் கழன்றாலும் அதே கதை. 'வாறது' வருமா என்பது எங்களுக்கு ஒரு நாளும் நிச்சயமாக இருந்ததில்லை. கைப்பேசியில் அது வந்தே தீரும். நான்கு நிமிடம் ஐம்பத்தோராவது விநாடியில்.

அடுத்த நாள் காலையே அவனுக்கு அழைத்து, காது பிழையில்லை என்று மூன்று தரம் கத்திச் சொன்னேன். அவனுக்குக் கேட்கவில்லை. கடைசியில் மனைவியிடம் சொன்னேன்.

பாட்டை மெதுவாக்குவது சுலபம் என்று நினைத்தேன். கைப்பேசி மெதுவாக்கியது, குரலை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டது. அடுத்த சனி கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். "அதே பொடியன். இப்ப நித்திரைத் தூக்கத்திலை பாடுறான்" என்று அவன் தள்ளிவிட்டான். வேகத்தோடு குரலும் இறங்கி ஏறும்படி ஒரு செயலியைத் தேடிப் பழக இரண்டு வாரம் போனது. அதில் விரலால் நகர்த்தும் ஒரு கோடு இருந்தது. இடப்பக்கம் இழுத்தால் வேகம் குறையும், வலப்பக்கம் தள்ளினால் கூடும். எங்கே எவ்வளவு தள்ளுவது என்று புத்தகத்தைப் பார்த்து அட்டவணை ஒன்று எழுதிக்கொண்டேன்.

ஆவணி இரண்டாம் சனி, காலை பத்து மணி. அட்டவணையை அவனிடம் காட்டினேன். வாசிக்கக்கூட இல்லை. எழுந்து போய்த் தன் சைக்கிளை உருட்டிவந்து ஸ்ராண்டில் நிறுத்தினான்.

"டைனமோ இல்லையேடா" என்றேன்.

"நான் சுத்துறன். நீ என்ரை கையைப் பாத்து விரலைத் தள்ளு."

"விசர் அண்ணை ரண்டு பேருக்கும்" என்றாள் அவன் மனைவி. "நான் சந்தைக்குப் போட்டு வாறன். ஆரும் பாத்தால் எனக்கு உங்களைத் தெரியாது."

நான் கொண்டுபோன ஸ்பீக்கர் பெட்டியை ஒரு எண்ணெய்த் தகரத்தின் மேல், அவனுடைய இடது காதருகே வைத்தேன். குந்தியிருந்து பெடலைப் பிடித்தான். பாட்டைத் தொடக்கினேன். மெதுவாக, மிக மெதுவாகச் சுற்றினான். சக்கரத்தில் உரசுவதற்கு எதுவும் இல்லாதபோதும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான். அவன் கையைப் பார்த்தபடி பெருவிரலால் கோட்டை இடப்பக்கம் இழுத்துப் பிடித்தேன். கிற்றார் ஆழமாக, நீருக்கடியில் கேட்பதுபோலக் கேட்டது. பாடியவன் பெரிய ஆள்தான், பொடியன் அல்ல.

"இன்னும் வரேல்லை" என்றான்.

வருமா என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. என் விரல் வழுக்கினால் பாட்டு குலைந்துவிடும். தொலைபேசி அழைப்பு ஒன்று வந்தால் நின்றுவிடும். அட்டவணை நிலத்தில் கிடந்தது.

வந்தது. அவன் முழுப்பலத்தோடும் சுற்றினான். நான் பிந்திப்போனேன். "தள்ளு மச்சான், தள்ளு" என்றான். தள்ளினேன். என் கையைப் பார்க்க எனக்கு நேரமில்லை, மயிர் எழும்பியதா என்று சொல்ல முடியாது. கண்ணைத் துடைக்கவும் கை இல்லை.

பாட்டு முடிந்த பிறகும் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் கவனித்தேன். ட்றம்ஸ் விழுந்த இடத்திலிருந்து அவன் தலையைச் சக்கரத்தின் பக்கம் முழுதாகத் திருப்பிவிட்டிருந்தான், அந்தக் காலத்தில் செய்வதுபோல. பெட்டிக்கு நேரே இருந்தது வலது காது. முடிந்துபோன காது.

"வந்ததோ?" என்று கேட்டேன்.

அவன் திரும்பி என் உதட்டைப் பார்த்தான். மறுபடி கேட்டேன்.

"வந்தது. நீதான் கொஞ்சம் பிந்தினனீ" என்றான். பிறகு தோள்மூட்டைத் தடவிக்கொண்டு, "கை நோகுது" என்றான். முகம் நிறையச் சந்தோசம்.

அவன் எதைக் கேட்டான் என்று நான் விசாரிக்கவில்லை. அந்த நாட்களில் பெரும்பாலும் நான் கேட்டேன், அவன் சுற்றினான். அவன் எப்போதாவது காதால் கேட்டானா என்பதே இப்போது எனக்குச் சந்தேகம். மெசின் போட்ட பிறகும் இது கிடைக்குமா என்று ஒரு யோசனை வருகிறது. அதைச் சொல்லி ஆசை காட்டலாமா என்றும் தெரியவில்லை.

அன்றைய பக்கத்தில் நீளத்தை எழுதினேன். ஒன்பது நிமிடம் பன்னிரண்டு விநாடி. 'முடிவுவரை போனது' என்றும் எழுதினேன். 'சுற்றியவர்' நிரலில் அவன் பெயரை எழுதி, வெட்டி, என் பெயரை எழுதி, அதையும் வெட்டினேன். இப்போது அங்கே இரண்டு வெட்டுக் கோடுகள் மட்டும் இருக்கின்றன.